தூர தேசத்தில் கர்த்தர் பிறந்த திருநாள்



ஆகமன காலம் பிறந்துவிட்டது. கோயில் கோபுரத்தில் நட்சத்திரம் ஏறிவிட்டது. வாலிபர் குடில் கட்டுவதற்கு மூங்கிலும் வைக்கோலும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். மார்கழிக் குளிரில் தாமிரபரணி கரை நிறைய ஓடுகிறாள். நம் வீடுகளில் முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுபடுகிறது. அச்சுமுறுக்கு எண்ணெயில் பூத்து மிதக்கிறது. ஆனால் இந்தப் பலகாரத்தைச் சுடும் தாய்மார் சிலருடைய கண்கள் அடுப்புப் புகையினால் மட்டும் கலங்கவில்லை. ஏனெனில், அதை முதலில் எடுத்துத் தின்னும் பிள்ளை இவ்வருஷமும் வீட்டில் இல்லை. அவன் துபாயில் இருக்கிறான், குவைத்தில் இருக்கிறான், சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிறான்.

நம் பள்ளத்தாக்கிலிருந்து மக்கள் கடல் தாண்டிப் போவது இன்று தொடங்கியதல்ல. நம் பாட்டன்மார் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்கும், அங்கிருந்து மலைநாட்டுத் தோட்டங்களுக்கும் போனார்கள். சிலர் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனார்கள். அவர்களுடைய கடிதம் வர வாரங்கள் ஆகும். இன்றோ கைபேசியில் மகனுடைய முகத்தையே பார்க்கலாம். ஆனாலும் முகத்தைப் பார்ப்பது வேறு, தலையைத் தடவுவது வேறு என்பதைத் தாய்மாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வாரம் உங்களிடம் ஒரு வாலிபனைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவன் பெயரையும் ஊரையும் சொல்லமாட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதல்ல; கோயில் திண்ணையில் என்னோடு உட்கார்ந்து அவனே சொன்னது. மற்றவர்களுக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லுங்க சாமி, இன்னொருத்தனுக்காவது உதவட்டும்" என்றான்.

வட்டிக்குக் கடன் வாங்கி வளைகுடா தேசம் போனவன் அவன். வெல்டிங் வேலை. ஓர் அறையில் ஐந்து பேர், அடுக்குக் கட்டில். முதல் இரண்டு வருஷம் கடனிலேயே போயிற்று. மூன்றாம் வருஷம் டிசம்பரில் அவன் தாய் என்னிடம் வந்து அழுதாள். "சாமி, எம் புள்ளைக்கு இந்த வருஷமும் லீவு தரமாட்டேங்காங்களாம். இரக்கமில்லாத கம்பெனி" என்றாள். நானும் அவளோடு சேர்ந்து அந்தக் கம்பெனியைக் கடிந்துகொண்டேன். திருநாள் பூசையில் அவனுக்காக ஜெபிக்கவும் சொன்னேன்.

அடுத்த வருஷம் அவன் வந்தபோது உண்மையைச் சொன்னான்: "சாமி, லீவு கிடைச்சுது. நான்தான் வரல."

ஏன் என்று கேட்டேன். சொன்னான். லீவு கிடைத்த அன்று இரவு சந்தோஷத்தில் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டான். விமானச் சீட்டு ஒரு வரி. அதை எப்படியும் சமாளித்துவிடுவான். ஆனால் கணக்கு அத்தோடு நிற்கவில்லை. மச்சானுக்குக் கைக்கடிகாரம். பெரியப்பா, சித்தப்பா வீடுகளுக்குக் கம்பளியும் சென்ட் பாட்டிலும். தெருவில் கேட்கும் பாட்டிமாருக்குக் கோடாலித் தைலம். பிள்ளைகளுக்கு மிட்டாய்ப் பொட்டலங்கள். தங்கச்சிக்கு ஒரு பவுன். கூட்டாளிகளுக்கு விருந்து. இவையெல்லாம் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து எவன் வந்திருக்கிறான்? எழுதிக்கொண்டே போய்க் கூட்டிப் பார்த்தான். எட்டு மாதம் வயிற்றைக் கட்டிச் சேர்த்தது அத்தனையும் பத்து நாளில் போய்விடும். அதற்கு மேலும் கடன் வாங்கவேண்டும். தாளைக் கிழித்தான். வீட்டுக்குப் போன் செய்து, "எம்மா, லீவு இல்லையாம்" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டான்.

பிரியமானவர்களே, நாம் எல்லாரும் அந்தக் கம்பெனியைத் திட்டினோம். அவன் உள்ளே வரமுடியாதபடி பூட்டுப் போட்டதோ நம்முடைய வாசலில்தான். அந்தத் தாளில் இன்னொரு வரியும் இருந்தது என்று அவன் கூச்சத்தோடு சொன்னான்: "கோயில் நட்சத்திரத்துக்கு நன்கொடை". வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இவ்வளவு தரவேண்டும் என்று பட்டியல் போட்டவன் வேறு யாருமில்லை, நான்தான். பெத்லேமில் பிறந்த பாலனுக்கு நட்சத்திரம் கட்ட நினைத்து, ஒரு தாயின் மகனை வரவிடாமல் செய்த பங்கு எனக்கும் உண்டு. ஆகையால் இந்தப் பிரசங்கத்தை முதலில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

முதலாவது கிறிஸ்து பிறப்புத் திருநாள் எங்கே கொண்டாடப்பட்டது என்று சற்று யோசித்துப் பாருங்கள். சொந்த வீட்டிலா? இல்லை. தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும் நசரேத்தூரை விட்டு, இராயனுடைய கட்டளையினால் பல நாள் வழி நடந்து பெத்லேமுக்கு வந்திருந்தார்கள். தொட்டில் நசரேத்தில் இருந்திருக்கும். சூசையப்பர் தச்சரல்லவா, தம் கையாலேயே அதைச் செய்து வைத்திருப்பார் என்று நாம் எண்ணிக்கொள்ளலாம். ஆனால் பாலன் பிறந்தபோது கிடைத்தது மாட்டுக்குத் தீனி வைக்கும் முன்னிட்டிதான். பேறுகாலத்துக்கு உதவப் பெற்ற தாய் அருகில் இல்லை. பலகாரம் இல்லை, உறவு இல்லை. வந்து பார்த்தவர்கள் முன்பின் தெரியாத இடையர்கள்.

கையிலே பணம் எவ்வளவு இருந்தது? அதற்கும் அர்ச். லூக்காஸ் நமக்கு ஓர் அடையாளம் விட்டிருக்கிறார். பிள்ளையைத் தேவாலயத்தில் ஒப்புக்கொடுக்கும்போது, வசதியுள்ளவர்கள் ஆட்டுக்குட்டி கொடுக்கவேண்டும். முடியாத ஏழைகள் இரண்டு புறா கொடுத்தால் போதும் என்பது பழைய ஏற்பாட்டுச் சட்டம். தேவமாதா கொடுத்தது ஏழைகளின் காணிக்கை. மோட்சத்தின் இராக்கினி, ஊர் என்ன சொல்லுமோ என்று கடன் வாங்கி ஆட்டுக்குட்டி கொடுக்கவில்லை. தன்னால் முடிந்ததை வெட்கமில்லாமல் கொடுத்தாள். சர்வேசுரன் அதைக் குறைவாக எண்ணினாரா?

அதன்பின் ஏரோதரசனுக்குப் பயந்து எஜிப்து தேசம் போனார்கள். பாஷை வேறு, தெய்வங்கள் வேறு, சாப்பாடு வேறு. எத்தனை பாஸ்குத் திருநாளை அந்நிய மண்ணில், எருசலேமை நினைத்துக்கொண்டு கழித்தார்களோ நமக்குத் தெரியாது. ஆனபடியினால்தான் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1952-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ம் தேதி, ஊரை விட்டுப் போனவர்களைக் குறித்து ஒரு பெரிய சாசனம் எழுதியபோது, எஜிப்துக்குப் போன நசரேத்துத் திருக்குடும்பத்தையே அதன் தொடக்கத்தில் நிறுத்தினார். பிழைப்புக்காகவோ பயத்தினாலோ நாட்டை விட்டுப் போகும் எல்லாக் குடும்பங்களுக்கும் அவர்களே முன்மாதிரியும் அடைக்கலமும் என்று காட்டினார். ஆகவே துபாயில் அடுக்குக் கட்டிலில் படுத்து வீட்டை நினைக்கும் உங்கள் மகன் பெத்லேமுக்குத் தூரமானவன் அல்ல. மெத்தையில் படுத்திருக்கும் நம்மைவிட அவன்தான் குடிலுக்குப் பக்கத்தில் இருக்கிறான்.

இரண்டாவதாக, நம் நாட்டு அப்போஸ்தலரான அர்ச். சவேரியாரைப் பாருங்கள். அவருடைய திருநாளாகிய டிசம்பர் 3-ம் தேதி ஆகமன காலத்தை ஒட்டியே வருகிறது. நவார் தேசத்தில் கோட்டையில் பிறந்த பிரபுவின் மகன் அவர். 1541-ம் ஆண்டு ஏப்ரல் 7-ம் தேதி லிஸ்பனில் கப்பலேறினார். பாப்பரசரின் பிரதிநிதி என்ற பட்டம் இருந்தும் வேலைக்காரன் வேண்டாமென்று சொல்லி, தம் துணியைத் தாமே துவைத்தார். காற்று ஒத்துவராததால் கப்பல் அந்த ஆண்டுக் கடைசியில் மொசாம்பிக் தீவில் மாதக்கணக்காய்த் தங்கிவிட்டது. ஆக, 1541-ம் ஆண்டுக் கர்த்தர் பிறந்த திருநாள் அவருக்கு எப்படிப்பட்டது? ஆப்பிரிக்கக் கரையோரத்தில், கப்பலிலிருந்து இறக்கப்பட்ட நோயாளிகள் நிறைந்த ஆஸ்பத்திரியில், அவர்களுக்குப் பணிவிடை செய்துகொண்டு கழிந்த திருநாள். அங்கே அவரும் காய்ச்சலில் விழுந்தார்.

மறுவருஷம் 1542-ல் அவர் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். மணப்பாட்டுக் குகையையும், தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலையும் நீங்கள் அறிவீர்கள். 1544-ல் புன்னைக்காயலிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் உண்டு. நம் பாஷை தெரியாமல், தெரிந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்து ஜெபங்களைத் தமிழில் மாற்றி, மனப்பாடம் பண்ணி, மணியடித்துக்கொண்டு தெருத் தெருவாய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். இத்தனை பெரிய அர்ச்சியசிஷ்டவருக்கு வீட்டு ஏக்கம் இருந்ததா? இருந்தது. 1546-ம் ஆண்டு அம்போன் தீவிலிருந்து ரோமாபுரியிலுள்ள தம் சகோதரருக்கு எழுதும்போது ஒன்றைச் சொல்லுகிறார். அவர்கள் தமக்கு எழுதிய கடிதங்களிலிருந்து, அவர்கள் கைப்பட எழுதிய பெயர்களை வெட்டியெடுத்து, தம்முடைய வார்த்தைப்பாட்டோடு சேர்த்துத் தம்மிடம் எப்போதும் வைத்துக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறார்.

ஆகையால் பிள்ளைகளே, வீட்டை நினைத்து அழுவது பாவமல்ல. விசுவாசக் குறைவும் அல்ல. அர்ச். சவேரியார் அந்த ஏக்கத்தை மறைக்கவும் இல்லை, அதனால் வேலையை விடவும் இல்லை. அதை ஒரு சிறு பையில் கட்டி, ஜெபத்தோடு சேர்த்துச் சுமந்துகொண்டு நடந்தார். கடைசியில் 1552-ம் ஆண்டு டிசம்பர் 3-ம் தேதி, சீன தேசத்துக் கரைக்கு எதிரேயுள்ள சான்சியன் தீவில், ஒரு குடிசையில், 46 வயதில், ஏறக்குறையத் தனியாய் மரித்தார். திருநாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்தத் திருநாளை அவர் சொந்த வீட்டிலே கொண்டாடினார். ஏனெனில் அவர் மோட்சத்தில் கொண்டாடினார்.

இப்போது காரியத்துக்கு வருவோம். கேட்டு உருகிவிட்டு வீட்டுக்குப் போனால் என்ன பயன்? மூன்று கூட்டத்தாருக்கு மூன்று வார்த்தை சொல்லுகிறேன்.

முதலாவது, தூரத்தில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு. இந்தப் பத்திரிகையை வீட்டார் கைபேசியில் படமெடுத்து உங்களுக்கு அனுப்புவார்கள் என்று நம்புகிறேன். வளைகுடாவில் பல இடங்களில் டிசம்பர் 25 விடுமுறை அல்ல. வேலை முடித்துத்தான் கோயிலுக்குப் போகவேண்டும். போங்கள். துபாய் மரியன்னை கோயிலில் தமிழிலும் பூசை உண்டு. சிங்கப்பூரில் ஓபிர் ரோட்டிலுள்ள லூர்து மாதா கோயில் 1888-ல் கட்டி முடிந்ததுமுதல் தமிழருக்குத் தாய்வீடாக இருக்கிறது. சவுதி அரேபியாவில் இருக்கிறவர்களுக்குக் கோயில் இல்லை; நீங்கள் நமது பூசை நேரத்தில் உங்கள் கட்டிலிலேயே மனதால் நம்மோடு சேர்ந்துகொள்ளுங்கள். நம் கோயிலில் நடுச்சாம மணி பன்னிரண்டு அடிக்கும்போது துபாயில் இரவு பத்தரை. குவைத்திலும் சவுதியிலும் ஒன்பதரை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் விடியற்காலை இரண்டரை. அந்த நேரத்தில் ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்கள். இங்கே உங்கள் தாயும் அப்போது அதையே சொல்லுவாள்.

கையில் பணம் கொஞ்சம் என்று சுருங்கிப்போகாதிருங்கள். நான் சொன்ன வாலிபன் அந்தத் திருநாள் இரவில் கோயிலுக்குப் போய்விட்டு, சாப்பிட மனமில்லாமல் அறைக்குத் திரும்பினான். அறையில் இருந்தவர்களில் ஒருவர் மேலப்பாளையத்து முஸ்லிம் சகோதரர். அவர் ஒரு கோழி வாங்கிச் சமைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். "உம்ம பெருநாள்லா இன்னைக்கு, பட்டினியா படுப்பீரா?" என்று கேட்டாராம். ஐந்து பேரும் ஒரே பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "சாமி, அன்னைக்கு எனக்கு இடையர்கள் வந்த மாதிரி இருந்தது" என்றான். அந்த ஒரு கோழிக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? தனிமை பொறுக்காமல் சில பிள்ளைகள் திருநாள் இரவில் குடிக்கப் போகிறார்களே, அதில் நாலில் ஒரு பங்குகூட ஆகாது. எரேமியாஸ் தீர்க்கதரிசி பபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்குக் கடிதம் எழுதியபோது, அந்த ஊரிலே தோட்டம் போடுங்கள், அதன் பலனைச் சாப்பிடுங்கள், அந்த ஊரின் நன்மைக்காக ஜெபியுங்கள் என்றே புத்தி சொன்னார். நீங்களும் இருக்கிற இடத்தில் ஒரு சிறு திருநாளை நட்டு வையுங்கள். உங்களைவிடத் தனியாயிருக்கும் ஒருவனைத் தேடிப்பிடித்து உங்கள் சோற்றில் பங்கு கொடுங்கள். ஏக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

இரண்டாவது, வீட்டில் இருக்கிற நமக்கு. தாய்மாரே, தகப்பன்மாரே, போனில் பேசும்போது "எப்போ அனுப்புவ?" என்று தொடங்காதிருங்கள், "சாப்பிட்டியா?" என்று தொடங்குங்கள். "வெறுங்கையோடு வந்தாலும் நீ எங்களுக்கு வேணும்" என்று ஒரு தடவை உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். சொல்லாமலே அவனுக்குத் தெரியும் என்று எண்ணாதிருங்கள். அந்த வாலிபனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவன் அனுப்பும் பணத்தில் முதலில் கடன் அடைபடட்டும். பட்டும் பந்தலும் பிறகு. வந்தவனுடைய பெட்டியைச் சுற்றி உட்காருவதை விட்டு, அவனைச் சுற்றி உட்காருங்கள். அக்கம்பக்கத்தாரே, "என்ன கொண்டுவந்தே?" என்ற கேள்வி விளையாட்டாகக்கூட உங்கள் வாயிலிருந்து வரவேண்டாம். நானும் என் பங்கைச் செய்கிறேன்: இவ்வருஷமுதல் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கென்று நன்கொடைப் பட்டியல் நம் கோயிலில் இராது. மனமுள்ளவர்கள் மனமுள்ளதை உண்டியலில் போடட்டும். நட்சத்திரம் சிறியதாயிருந்தால் பரவாயில்லை.

இனிமேல் போக நினைக்கும் வாலிபரே, உங்களுக்கும் ஒன்று. பதிவு பெற்ற ஏஜெண்டுதானா என்று விசாரிக்காமல் ஒரு காசும் கொடாதிருங்கள். கந்துவட்டிக் கடனோடு கப்பலேறுகிறவன் எத்தனை திருநாளை முன்கூட்டியே விற்றுவிட்டுப் போகிறான் என்பதை, போய் வந்தவர்களிடம் கேளுங்கள்.

மூன்றாவது வார்த்தை நம் எல்லாருக்கும். 2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரைபுரண்டாள். மின்சாரமும் போனும் அற்றுப்போக, தூரதேசத்திலிருந்த நம் பிள்ளைகள் வீட்டார் உயிரோடிருக்கிறார்களா என்று தெரியாமல் தவித்தார்கள். திருநாளுக்கு ஒரு வாரமே இருந்தது. அப்போது திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரெயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தினால் நின்றுபோயிற்று. சுமார் 800 பயணிகள். பக்கத்துப் புதுக்குடி கிராமத்தார் தங்களிடமிருந்த அரிசியைப் பொங்கி, முன்பின் தெரியாத அந்த ஜனங்களுக்கு இட்டார்கள். பெத்லேம் சத்திரத்தில் இடமில்லை. தாமிரபரணிக் கரையில் இடம் இருந்தது. இது நம் மண்ணின் புண்ணியம்.

அந்தப் புண்ணியத்தை இந்தத் திருநாளில் புதுப்பிக்க வழி உண்டு. நம் ஊர் ஓட்டல்களிலும், கட்டடம் கட்டும் இடங்களிலும், செங்கல் சூளைகளிலும் வேலை செய்யும் வடநாட்டுப் பிள்ளைகளைப் பாருங்கள். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த அவர்களில் நம் வேதத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு. சிலர் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கோயிலின் கடைசித் தூணோரம் நின்று, ஒன்றும் புரியாமல் முழங்காலிட்டு, பேசாமல் போய்விடுகிறார்கள். ரெயில் செலவுக்குப் பணமில்லாமல் திருநாளுக்கு ஊர் போகாதவர்கள் அவர்கள். அவர்களுடைய தாயும் இந்த நேரத்தில் தூரத்தில் ஓர் அடுப்படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள். "என் மகனுக்கு அந்நிய ஊரில் யாராவது ஒரு பிடி சோறு கொடுக்கவேண்டும் ஆண்டவரே" என்று நீங்கள் ஜெபிக்கிறீர்கள். அவளும் அதையேதான் ஜெபிக்கிறாள். உங்கள் ஜெபத்துக்குப் பதில் துபாயில் யாரோ ஒருவர் கையில் இருக்கிறது. அவளுடைய ஜெபத்துக்குப் பதில் உங்கள் கையில் இருக்கிறது.

ஆகையால் இவ்வருஷம் உங்கள் வீட்டில் மகனுடைய இடம் காலியாயிருந்தால், அதைக் காலியாய் வைத்து அழாதிருங்கள். நடுச்சாமப் பூசை முடிந்து வெளியே வரும்போது, கடைசித் தூணோரம் நிற்கிறவனுடைய கையைப் பிடியுங்கள். பாஷை தெரியவேண்டியதில்லை; "வாப்பா, சாப்பிடலாம்" என்பது எந்தப் பாஷைக்காரனுக்கும் புரியும். உங்கள் பிள்ளைக்கென்று எடுத்து வைத்த முந்திரிக்கொத்தை அவன் இலையில் வையுங்கள். அப்படி வைக்கும்போது யாருக்கு வைக்கிறீர்கள் என்பதைப் பொதுத் தீர்வை நாளில் நம் ஆண்டவரே உங்களுக்குச் சொல்லுவார்.

பெத்லேமில் இடமில்லாதிருந்த சேசு பாலன், கடல் தாண்டியிருக்கும் நம் பிள்ளைகள் எல்லாரையும் காத்தருளுவாராக. எஜிப்தில் அடுப்பு மூட்டிய தேவமாதா அவர்களுடைய தனிமையில் துணையிருப்பாளாக. துணிக்கட்டோடும் கருவிப் பெட்டியோடும் வழிநடந்த அர்ச். சூசையப்பர் அவர்களைப் பத்திரமாய் வீடு கொண்டுவந்து சேர்ப்பாராக; அவர்களுடைய கை நிறைந்திருந்தாலும் சரி, வெறுங்கையானாலும் சரி.

ஆமென்.